கோட்டுச்சேரி கேட்கும் ஒரு வரி

கோடு போடாத தாள் கொடுத்ததற்கு நன்றி. கோடு போட்ட தாளில் எனக்குக் கையெழுத்து குறுகிப்போய்விடும். முப்பத்தாறு வருஷம் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். என் வாக்குமூலத்தை உங்கள் ரைட்டர் எழுதி, நான் அடியில் கையெழுத்து மட்டும் போடுவது எனக்கு ஒப்பவில்லை. சொன்னேன்; நீங்களும் சம்மதித்தீர்கள். இன்ஸ்பெக்டராக இருந்தும் வயதுக்கு மரியாதை கொடுக்கிறீர்கள். நல்ல வளர்ப்பு. உங்கள் குடும்பத்தைப் பற்றி எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரியும், அதைப் பிறகு எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு வரி. என் மகள் உமாமகேஸ்வரியும் கோட்டுச்சேரி அன்பழகனும் பங்காளி வகை அல்ல, அண்ணன் தங்கை முறை அல்ல, கட்டிக்கொள்ளலாம் என்று நான் என் கைப்பட எழுதித் தர வேண்டும். தந்தால் என் மேல் கொடுத்த புகாரை உமா வாபஸ் வாங்கிக்கொள்வாள். தராவிட்டால் அன்பழகனின் தாயார் செல்லக்கண்ணு அம்மாள் ஆவணி முகூர்த்தத்துக்குச் சம்மதிக்க மாட்டார். "ஒரு வரிதானே சார். எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க," என்றீர்கள். ஒரு வரிதான். ஆனால் சங்கதி முதலில், முடிவு கடைசியில் என்பது ஆபீஸ் பழக்கம். அந்தப்படியே எழுதுகிறேன்.

நான் ரிட்டயர் ஆன மறுவருஷம், அதாவது நாலு வருஷத்துக்கு முன்பு, எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்தது. உமா ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள், கம்ப்யூட்டர் படித்தவள். அவள் தாயார் தவறி ஏழு வருஷம் ஆகியிருந்தது. பகல் முழுக்க அப்பா தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று அவளுக்கு வருத்தம். அவளே ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க வாங்களேன். பிரெஞ்சுக்காரங்க காலத்துப் பிறப்பு, இறப்பு, கல்யாண ரிஜிஸ்டரையெல்லாம் படம் புடிச்சு நெட்டுல போட்டிருக்காங்க. நம்ம காரைக்கால் ரிஜிஸ்டரும் இருக்கு. காசே கிடையாதாம்."

நான் பிரெஞ்சுப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவன். அந்தச் சாய்வெழுத்தை வாசிக்க இந்த ஊரில் இப்போது பத்து பேர் இருந்தால் அதிகம். பார்க்கப் பார்க்க எனக்குப் பசி கூட எடுக்கவில்லை. செத்துப்போனவர்கள் எல்லாரும் வரிசையாக, வயதோடும் தொழிலோடும், கூப்பிட்டால் வருகிறவர்கள் மாதிரி அந்தப் பெட்டிக்குள் இருந்தார்கள்.

இலவசம் என்று கேள்விப்பட்டதும் ஊரே வந்துவிட்டது. பாட்டன் பிரெஞ்சுப் பிரஜையாக இருந்திருப்பாரா, அந்த வழியில் நமக்கும் ஒரு பாஸ்போர்ட் கிடைக்குமா என்று வந்தவர்கள் பாதி. மீதிப் பேருக்கு வம்சப் பெருமை வேண்டும். எல்லாருக்கும் நான் சும்மாதான் பார்த்துக் கொடுத்தேன். ஒரு காப்பிக்குக் கூடக் கை நீட்டவில்லை. அதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த ரிஜிஸ்டர் ஏட்டுக்கு இரக்கம் கிடையாது. ஜமீன்தார் என்று சொல்லிக்கொண்டு வந்தவரின் பாட்டனார் அதில் கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தார். ஹார்டுவேர் கடை காதர் பாட்சாவின் முப்பாட்டனார் சொந்தக் கப்பலில் பினாங்குக்குப் போய்வந்தவர் என்று அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பேச்சு. ஏட்டில் அவர் தொழில், துறைமுகத்தில் மூட்டை தூக்குவது.

"இது வேற யாராச்சும் காதரா இருக்கும் சார்," என்றார் அவர், முகம் சின்னதாகிப்போய். "நல்லாப் பாருங்களேன். கப்பல்காரரு ஒருத்தரு அதுக்குள்ளாற இருந்தாவணும்."

நல்லாப் பார்த்தேன். பதினோராவது நாள் அதே பெயரில் ஒரு கப்பல்காரர் கிடைத்தார். அவர் இன்னொரு தெருவைச் சேர்ந்தவர், இன்னொருவருடைய பாட்டனார். இருந்தால் என்ன. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். காதர் பாட்சா அதைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்குச் சேமியாவும் பழமும் வந்தது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஒருவரை இன்னொருவர் வீட்டில் குடியேற்றிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஏட்டில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பம். எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் ஊரைக் கூட்டி, பந்தல் போட்டு, மேளம் வைத்து மூன்று நாள் கல்யாணம் செய்வார்கள். ஆனால் மேரியில் போய் எழுதி வைக்க மாட்டார்கள். நகராட்சி அலுவலகத்தைப் பழைய ஆட்கள் மேரி என்றுதான் சொல்வார்கள். நெடுங்காட்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போய், வெள்ளைக்காரனிடம் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்ல யாருக்கு நேரம் இருக்கிறது. பிள்ளை பிறந்தால் மட்டும் போய் எழுதுவார்கள். கல்யாணம் ஏட்டில் இல்லாததால் குமாஸ்தா தாயார் பெயரை மட்டும் போட்டுக்கொண்டு, தகப்பன் பெயர் வர வேண்டிய இடத்தை விட்டுவிடுவான். தகப்பன்காரன் எதிரிலேயே தலைப்பாகையோடு நின்றுகொண்டிருப்பான்.

என் கொள்ளுப்பாட்டி தைலம்மை அதில் அப்படித்தான் இருக்கிறாள். நாற்பத்துமூன்றாம் பக்கம். பிள்ளைகள் நாலு, புருஷன் இல்லை. புருஷன் வைத்திலிங்கம் நெடுங்காட்டில் ஆறு மா நிலத்தில் பயிர் வைத்துக்கொண்டு எழுபது வயது வரை இருந்தார். சிதம்பரநாதன் வாத்தியார் தன் குடும்பத்திலும் இப்படி ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு என் எதிரில் கண் கலங்கியபோது நான்தான் அவருக்கு இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். "இதுல அவமானம் ஒண்ணுமில்லீங்க வாத்தியாரே. காரைக்கால்ல பாதிப் பேரு வீட்ல இப்படித்தான்," என்றேன். ஆக, எனக்கு விவரம் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை. இன்ஸ்பெக்டர் சார், உங்கள் கொள்ளுப்பாட்டியும் அதே ஏட்டில் ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறார். நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷம்தான் என் தங்கை ராஜம் உமாவுக்கு இடம் பார்க்க ஆரம்பித்தாள். ராஜம் திருநள்ளாற்றில் இருக்கிறாள், கையில் எப்போதும் நாலு ஜாதகம் வைத்திருப்பாள். முதல் இடம் மயிலாடுதுறை, பையனுக்கு பாங்க் வேலை. அவர்கள் வழக்கம்போல, உங்கள் வகையறா பற்றிக் கொஞ்சம் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நான் ஒளிவு மறைவு இல்லாதவன். அப்போதுதான் எடுத்திருந்த ஏட்டுப் பக்கங்களையெல்லாம், தைலம்மையின் பக்கம் உட்பட, கடிதத்தோடு வைத்து அனுப்பினேன். விளக்கம் எழுத விட்டுப்போய்விட்டது. ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒரு வாரத்தில் பதில் வந்தது.

அன்று சாயங்காலம் உமா ஆபீசிலிருந்து வந்து, முகம் கழுவி, "போனாப் போவுதுப்பா, விடுங்க," என்று சொல்லிவிட்டு அடை வார்த்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். ராஜம் ஜாதகத்தைக் கையில் எடுத்த நாளிலிருந்து எனக்கு நெஞ்சில் ஒரு பயம் இருந்தது. மனைவி போனபோது கூட அப்படிப் பயந்ததில்லை. அப்போது உமா பக்கத்தில் இருந்தாள். அந்தப் பயம் அன்றைக்கு அடை சாப்பிடும்போது இறங்கிவிட்டது. நாலரை மணிக் காப்பி, ஆறு மணிக்கு விளக்கு, அவள் ஆபீஸ் கதை, இதெல்லாம் இனியும் இருக்கும் என்று தோன்றியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெங்காயம் என்று சொன்னேன்.

அடுத்த இடம் திருவாரூர், பையன் இன்ஜினியர். அவர்களுக்கு யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். யாரோ என்று எழுதிவிட்டேன். வாக்குமூலத்தில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது என்பதால் அப்படியே விடுகிறேன். போட்டது நான்தான்.

நம் பக்கத்தில் மொட்டைக் கடிதத்தை யாரும் உடனே நம்பிவிட மாட்டார்கள். பொறாமை பிடித்தவன் எழுதியிருப்பான் என்று கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் நான் வதந்தி எதுவும் எழுதவில்லை. பெண்ணுடைய தகப்பனாரின் பாட்டனார் தகப்பன் பெயர் இல்லாதவர் என்று எழுதி, இணையத்தள முகவரி, ஏட்டின் வருஷம், பக்கம் நாற்பத்துமூன்று என்று கொடுத்து, 'கட்டணம் கிடையாது, தாங்களே பார்த்துத் தெளிவு பெறலாம்' என்று முடித்தேன். போய்ப் பார்த்தார்கள். பிரௌசிங் சென்டரில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்களாம். அவர்களுக்கும் பிரெஞ்சு தெரியாது, சென்டர்காரனுக்கும் தெரியாது. ஆனால் பழைய முத்திரையும் காலி இடமும் எல்லாருக்கும் தெரியும். அடுத்து வந்த கும்பகோணத்து இடத்துக்காரர்களும் அப்படித்தான் போய்ப் பார்த்தார்கள். பாரிசுக்குப் பக்கத்தில் வேலையாக இருந்த ஒரு காரைக்கால் பையன் வீட்டார் கூடப் பார்த்தார்கள். அங்கேயே இருந்துகொண்டு அவர்களாவது ஏட்டை ஒழுங்காகப் படித்திருக்கலாம்.

என் கையெழுத்து இந்த வட்டாரத்தில் பல பேருக்குப் பழக்கம். ஆகவே கடிதத்தை உமாவை விட்டே டைப் அடிக்கச் செய்தேன். பெயரும் ஊரும் பக்க எண்ணும் வர வேண்டிய இடங்களில் கோடு போடச் சொன்னேன். வம்ச விசாரணைக்கான மாதிரிப் படிவம் என்றேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 'குடும்பத்தின் களங்கம்' என்று நான் சொன்ன இடத்தில் மட்டும் நிறுத்தினாள்.

"களங்கம்னு போட வேணாம்ப்பா. படிக்கிறவங்க மனசு கஷ்டப்படும். குறைன்னு போடலாமா?"

குறை என்றே போட்டோம். பிறகு நான் ஒரு நாள் நாகூர்ப் பக்கம் போய்ப் பிரிண்ட் எடுத்து, கோடு போட்ட இடங்களைப் பேனாவால் பெரிய எழுத்தில் நிரப்பிக்கொண்டேன்.

மூன்றாவது இடமும் நழுவியபோது ராஜம் தலையில் கை வைத்துக்கொண்டு எங்கள் கூடத்தில் உட்கார்ந்தாள். "என்னண்ணே இது, வர்ற எடமெல்லாம் கைக்கு எட்டுற மாதிரி வந்துட்டு நழுவிப் போவுது. யாரோ செஞ்சு வச்சிட்டாங்க அண்ணே. சனிக்கிழமை புள்ளையக் கூட்டிக்கிட்டு வாங்க, குளத்துல முழுவிட்டு எள்ளு தீபம் போட்டுட்டு வரலாம்," என்றாள். போனோம். தடை நீங்க வேண்டும் என்று உமா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நானும் பக்கத்தில் ஈர வேட்டியோடு நின்றேன். அர்ச்சகர் சங்கல்பத்துக்குக் கேட்டபோது அவள் பெயரும் நட்சத்திரமும் நான்தான் சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன், சரியாகப் பிடிபடவில்லை.

இனி அன்பழகன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கும் ஏட்டுப் பக்கங்களை அங்கேதான் கலரில் பிரிண்ட் எடுப்போம். உமா கொண்டுபோய் எடுத்து வருவாள். ஒரு பக்கம் எடுக்க அரை மணி நேரம் ஆக ஆரம்பித்ததும் நான் சுதாரித்திருக்க வேண்டும். எங்கள் ஆட்கள்தான், கோட்டுச்சேரியில் கொஞ்சம் நிலம், தகப்பனார் இல்லை. இந்த இடத்தை ராஜம் கொண்டுவரவில்லை. உமாவே சொன்னாள். "அப்பா, அவங்க அம்மா வந்து பேசலாமான்னு கேக்குறாங்க," என்று காப்பியை என் எதிரில் வைத்துவிட்டுச் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவள் பத்தாவது பாஸ் செய்த பிறகு பார்த்ததில்லை.

அன்றைக்கே கோட்டுச்சேரிக்கு ஒரு கடிதம் போட்டேன். ஆனால் செல்லக்கண்ணு அம்மாள் வேறு மாதிரி ஆள். பெண் பார்க்க வந்தவர், வெற்றிலையை மடித்துக்கொண்டே அந்தப் பேச்சை எடுத்தார்.

"ஏதோ மொட்டக் கடுதாசி ஒண்ணு வந்துச்சுங்க. ஒங்க பாட்டனாருக்குத் தகப்பன் பேரு எழுதலன்னு போட்டிருந்தான். அந்தக் காலத்துல யாருங்க போயி எழுதி வச்சா? எங்க வூட்டுலயும்தான் எழுதியிருக்க மாட்டாங்க. இதப் போயி ஒரு பேச்சா எடுப்பாங்களா?"

மயிலாடுதுறையிலிருந்து பாரிஸ் வரை படித்தவர்கள் ஒருவருக்கும் தோன்றாதது, கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த அந்த அம்மாளுக்குத் தோன்றியது. என் கடிதம் வீணாயிற்று. அந்த அம்மாளே அடுத்த வார்த்தையில் வழியும் காட்டிவிட்டுப் போனார்.

"மொற மட்டும் சரியா இருக்கணும்ங்க. அது தப்பிப்போச்சுன்னா தலமொறைக்கும் வெளங்காது. ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமாமே, எதுக்கும் ஒரு தடவ பாத்துடுங்க."

பார்த்தேன். எங்கள் கொள்ளுத்தாத்தா வைத்திலிங்கத்துக்கு முத்தையன் என்று ஒரு தம்பி பிறந்ததாக நெடுங்காட்டு ஏட்டில் இருக்கிறது. அன்பழகனுடைய தகப்பனாரின் கொள்ளுத்தாத்தா பெயரும் முத்தையன். இந்த முத்தையனை அங்கே குடியேற்றினால் போதும். வைத்திலிங்கம் வழியில் உமா, முத்தையன் வழியில் அன்பழகன், இரண்டு பேரும் பங்காளி மக்கள், அண்ணன் தங்கை. நாலு நிறத்தில் ஒரு வம்ச விருட்சம் வரைந்தேன். மூன்று நாள் வேலை. உமா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, ஊர்க்காரர்கள் யாருக்கோ என்று நினைத்து, டீ வைத்துவிட்டுப் போனாள்.

தட்டு மாற்றும் நாள் வரை காத்திருந்தேன். முன்கூட்டியே சொன்னால் வேறு யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டுவார்கள். பழத்தட்டு, பூத்தட்டு எல்லாம் கூடத்தில் வரிசையாக இருந்தது, உமா பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகுந்த வருத்தத்தோடு தாளை விரித்தேன். அடியில் என் கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தேன். வருத்தம் நடிப்பு இல்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து உண்மையிலேயே வருத்தப்பட்டேன்.

செல்லக்கண்ணு அம்மாள் எழுந்து வந்து என் காலில் விழுந்தார். "தெய்வம் மாதிரி வந்து காப்பாத்துனீங்க அய்யா. அறியாமப் பெரும் பாவத்துல எறங்க இருந்தோம்," என்றார். பிறகு மகனைத் திரும்பிப் பார்த்து, "டேய், இனிமே அது ஒனக்குத் தங்கச்சிடா," என்றார். உமா தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். சற்று நேரம் கழித்துக் கதவோரம் வந்து நின்று, "எல்லாருக்கும் காப்பி போடவாப்பா?" என்று கேட்டாள்.

ஒரு வாரம் கழித்து அவள் கேட்ட கேள்வி ஒன்று நல்ல கேள்வி. "நம்ம குலதெய்வம் வேற, அவங்க குலதெய்வம் வேறப்பா. பங்காளின்னா ஒண்ணாத்தானே இருக்கணும்?" என்றாள். அதற்கு நான் பதில் தயாராக வைத்திருந்தேன். அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து தம்பி ஊரை விட்டுப் போய்விட்டான், போன ஊரில் கோயில் பிடிமண் எடுத்துப் புதுச்சாமி வைத்துக்கொண்டான் என்றேன். அப்படி எத்தனையோ குடும்பங்கள் உண்டு. அவள் தலையை ஆட்டினாள்.

செல்லக்கண்ணு அம்மாளுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அந்தப் பொங்கலுக்கு, கூடப்பிறந்தவன் இருக்கிறான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லி, பொங்கல் சீர் கொடுத்து மகனை அனுப்பிவிட்டார். ஒரு கட்டுக் கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், ஒரு சுங்குடிப் புடவை. அன்பழகன் அதையெல்லாம் டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். புடவைத் தட்டை நீட்டியபோது இரண்டு பேரும் தரையைத்தான் பார்த்தார்கள். "அம்மா குடுக்கச் சொன்னாங்க," என்றார். "வச்சிட்டுப் போங்க," என்றாள். நான் அவரை உட்காரவைத்து, சர்க்கரைப் பொங்கல் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினேன். மறு பொங்கலுக்கும் வந்தார். வேறு பெண் பார்க்க மாட்டேன் என்று வீட்டில் சாதிப்பதாகக் கேள்விப்பட்டு நானே அவருக்குப் புத்தி சொன்னேன்.

எனக்கும் அதில் கஷ்டம் இல்லாமல் இல்லை. செல்லக்கண்ணு அம்மாளின் கொழுந்தனார் ஒருவர் தவறினார். பங்காளி வீட்டுச் சாவு என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். பத்து நாள் தீட்டுக் காத்தேன், கோயிலுக்குப் போகவில்லை. கருமாதி அன்றைக்கு மற்றப் பங்காளிகளோடு குளக்கரையில் வரிசையாக உட்கார்ந்து மீசையை எடுத்துக்கொண்டேன். நாற்பது வருஷத்து மீசை. முகம் தெரியாத ஒரு மனிதருக்காக எடுத்தேன். பொய் சொல்லிவிட்டுப் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். உமா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். பிரெஞ்சு தெரியாதவள், ஆனால் என் பக்கத்தில் நாலு வருஷம் உட்கார்ந்து, பிறப்பு எது, இறப்பு எது, வயது எங்கே இருக்கும் என்று பழகிவிட்டாள். இலவசம் என்பதில் இது ஒரு சங்கடம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"அப்பா, நம்ம முத்தையன் இருக்காருல்ல, வைத்திலிங்கத்தோட தம்பி. அவரு நாலு வயசுல செத்துப்போயிட்டாருப்பா. அதே அம்மா பேரு, அதே தெரு." அவள் திரும்பவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நாலு வயசுல செத்த புள்ளைக்கு எப்படிப்பா பேரன், கொள்ளுப்பேரன்?"

அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். பிறப்பைப் பார்த்த அன்றைக்கே இறப்பையும் பார்த்துவிட்டேன். அரை மணி நேர இடைவெளி கூட இருக்காது. எண்ணெய்க் கையோடு நின்றுகொண்டு, "அது வேற யாராச்சும் முத்தையனா இருக்கும்மா," என்றேன்.

மறுநாள் அவள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கோட்டுச்சேரிக்குப் போயிருக்கிறாள். செல்லக்கண்ணு அம்மாள் நம்பவில்லை. "படிச்ச மனுஷரு, ஒன்னப் பெத்தவரு, கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரும்மா. தப்புன்னா அவரே எழுதிக் குடுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, இதையும் பார் என்று அந்தப் பழைய மொட்டைக் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். உமா அதை வாசித்திருக்கிறாள். தான் அடித்த படிவம். 'குறை' என்ற வார்த்தை இருந்த வரிக்கு வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். ராஜம் போனில் சொன்னாள். ராஜம் அதற்கு மேல் என்னிடம் சொன்ன வார்த்தைகளை வாக்குமூலத்தில் எழுத முடியாது. அன்று முதல் உமா ராஜம் வீட்டில்தான் இருக்கிறாள். பன்னிரண்டு நாளாகிறது.

இந்தப் பன்னிரண்டு நாளில் நான் காப்பி போடக் கற்றுக்கொண்டேன். நன்றாக இல்லை.

எந்தச் செக்ஷனில் கேஸ் போடுவது என்று நீங்களே ரைட்டரிடம் இரண்டு தடவை கேட்டீர்கள். நான் கொலை செய்யவில்லை, திருடவில்லை. ஒரு தகப்பன் தன் மகளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டேன். அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இருந்தாலும் கேட்டதை எழுதித் தருகிறேன், ஆபீஸில் எந்த ஃபைலையும் நான் பாதியில் விட்டதில்லை.

நெடுங்காடு வைத்திலிங்கத்தின் தம்பி முத்தையன் நாலு வயதில் இறந்துவிட்டான். கோட்டுச்சேரி முத்தையன் வேறு ஆள். என் மகள் உமாமகேஸ்வரியும் அன்பழகனும் பங்காளி வகை அல்ல, அண்ணன் தங்கை முறை அல்ல, அவர்கள் கட்டிக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. நான் தெரிந்தே பொய் சொன்னேன். மயிலாடுதுறை, திருவாரூர், கும்பகோணம், பாரிஸ், கோட்டுச்சேரி ஆகிய ஐந்து இடங்களையும் கெடுத்தது நான்தான், வேறு யாரும் இல்லை. அவளை இழக்கப் பயந்து செய்தேன். இது சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதியது. சோமசேகரன்.

எழுதி முடித்ததும் மனது லேசாக இருக்கிறது. ஜன்னல் வழியாக வராந்தா பெஞ்சு தெரிகிறது. உமாவும் செல்லக்கண்ணு அம்மாளும் உட்கார்ந்திருக்கிறார்கள். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டார்கள். இப்போது அந்த அம்மாள் இவள் தலையில் பூ வைத்துவிட்டுக்கொண்டிருக்கிறார். பெண்களுக்குள் அதெல்லாம் சகஜம். உமாவின் காலடியில் என் மனைவியின் பழைய பெரிய பெட்டி இருக்கிறது. நான் இரண்டு நாள் இங்கே இருக்க வேண்டியிருக்குமோ என்று என் துணிமணியை எடுத்து வந்திருக்கிறாள் போலிருக்கிறது. அவளுக்கு வேண்டியிருந்தது கல்யாணம் இல்லை, உண்மை. அந்த விஷயத்தில் அவள் அப்படியே நான். அது கிடைத்துவிட்டதால் இனி இந்தப் பேச்சை அவளே விட்டுவிடுவாள். சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விடுவோம்.

அன்பழகனை நினைத்தால்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நல்ல பையன், முப்பத்தாறு வயதாகிவிட்டது, இதற்கு மேலும் தள்ளிப்போடக் கூடாது. அவருக்கு ஏற்ற பெண்ணாக நானே விசாரித்துச் சொல்கிறேன், கவலைப்பட வேண்டாம் என்று அந்த அம்மாளிடம் கொஞ்சம் சொல்லிவிடுங்கள்.